மூடியை மட்டும் மாற்றினால் கால்வாய் தாங்காது

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் சாலையைப் பார்ப்பவர் ஒருவர், அதே சாலையோரக் கால்வாயைப் பார்ப்பவர் இன்னொருவர், அதற்கும் அடியில் போகும் பாதாளச் சாக்கடையைப் பார்ப்பவர் வேறொருவர். அதனால் இந்த மடலைத் தனியாக யார் பெயருக்கும் எழுதவில்லை. சக்கரத்துக்குக் கீழே கான்கிரீட் போடும் வேலை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சிறுபாலங்களுக்கும் வடிகால்களுக்கும் வரைபடம் போட்டே பிழைத்தவன். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால் வேலை இல்லை என்றுதான் அர்த்தம். தெருவில் நடக்கும்போது கண் கால்வாய்ப் பக்கம் போவதை நிறுத்த முடியவில்லை.

எங்கள் பகுதியில் போன மழைக்கு முன்னால் எம்-சாண்ட் ஏற்றி வந்த ஒரு டிப்பர் வளைவில் திரும்பும்போது, பின்சக்கரம் கால்வாய் மூடியை உடைத்துக்கொண்டு இறங்கியது. கிரேன் வந்து தூக்கியது. சில நாளில் புது மூடி வந்தது. பழையதைவிட நல்ல கனம், கம்பியும் நெருக்கம். தீபாவளி முடிந்து பார்த்தால் மூடி முழுசாக இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் அமுங்கிக் கிடக்கிறது. அது உட்கார்ந்திருந்த ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரின் மேல் வரிசைகள் நொறுங்கி, சுவர் உள்பக்கமாகத் தள்ளியிருந்தது. ஈறு கெட்ட வாயில் புதுப் பல் கட்டிய கதைதான்.

இந்த மடலில் நான் சொல்ல வருவது அது ஒன்றுதான். சுமை மூடியோடு நின்றுவிடுவதில்லை. மூடியிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அடித்தளத்துக்கு, அங்கிருந்து மண்ணுக்குப் போகிறது. அந்த வழி முழுவதையும் பார்க்காமல் மேலே மட்டும் கனத்தைக் கூட்டினால், உடைகிற இடம் ஓர் அடி கீழே இறங்குகிறது, அவ்வளவுதான்.

முதலில் எடைக் கணக்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு வண்டிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆயிற்று. ஜோடி அச்சுக்கு 19 டன், 21 டன் ஆயிற்று. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்கும், 49 டன் வரை போன டிரெய்லர்கள் 55 டன்னுக்கும் சட்டப்படியே ஏறின. இது அனுமதித்த கணக்கு. எடைமேடைப் பக்கமே தலைவைக்காமல் வரும் ஜல்லி லாரிகளின் கணக்கு உங்களுக்கே தெரியும்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடத்திய பெரிய சாலைச் சோதனையிலிருந்து உலகம் முழுக்கப் பொறியாளர்கள் ஒரு விதியை எடுத்துக்கொண்டார்கள்: சாலையின் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறும், அதாவது எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. 10.2 டன் 11.5 ஆனால் எடை 13 சதவீதம்தான் கூடுகிறது. சேதமோ 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. இது தார்ச்சாலைக்கான விதி, கான்கிரீட் பலகைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மேன்ஹோல் மூடி உட்காரும் சட்டத்தைச் சுற்றியுள்ள தாரும், கால்வாய்ச் சுவரை ஒட்டிய சாலை விளிம்பும் ஏன் இவ்வளவு சீக்கிரம் உடைகின்றன என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் பாலங்களுக்கு வகுத்த ஐ.ஆர்.சி. 6 விதிநூலில், ‘கிளாஸ் ஏ’ என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளும் மாதிரிச் சுமையின் மிகக் கனமான அச்சு 11.4 டன். இன்று சட்டப்படி ஓடும் ஒற்றை அச்சே 11.5 டன். கிளாஸ் ஏ-க்குக் கணக்குப் போட்ட பழைய சிறுபாலம் நாளைக்கே விழுந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. பாதுகாப்புக்கென்று விட்டுவைத்த கையிருப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கையிருப்பு துரு, அரிப்பு போன்ற எதிர்பாராதவற்றுக்கும் சேர்த்து வைத்தது. அதில் ஒரு பங்கை எடைக்கே செலவழித்துவிட்டோம். ‘70 ஆர்’ என்ற இன்னும் கனமான மாதிரிச் சுமையில் ஒற்றை அச்சுக்கு 20 டன், ஜோடி அச்சுக்கு 40 டன் வைத்துக் கணக்குப் போட வேண்டும். பெரிய சாலைகளில் புதிதாகக் கட்டுவதை அப்படித்தான் கட்டுகிறீர்கள், சரி. பழையவற்றை யார் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்?

நடைபாதைக் கால்வாய் மூடிகளின் நிலைமை இதைவிட மோசம். கூட்டம் நிற்கும் நடைபாதைக்கு விதிநூல் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 500 கிலோ. இரண்டடிக்கு இரண்டடி மூடி என்றால் அதன் மேல் மொத்தம் சுமார் 185 கிலோ. 11.5 டன் அச்சின் ஒரு பக்கச் சக்கர ஜோடி 5.75 டன். முப்பது மடங்குக்கும் மேல்! இதில் வண்டி குதித்து இறங்கும் அதிர்ச்சியைச் சேர்க்கவில்லை. மூன்று மீட்டருக்குக் குறைந்த கான்கிரீட் பாலங்களுக்குக் கிளாஸ் ஏ சுமையோடு 50 சதவீதம் அதிர்ச்சி சேர்க்கச் சொல்கிறது அதே நூல். அப்படிச் சேர்த்தால் எட்டரை டன்னைத் தாண்டும்.

நடைபாதையில் லாரி எதற்கு ஏறுகிறது என்று கேட்பீர்கள். வேலூரில் நடைபாதை எது, சாலை எது என்று சக்கரத்துக்குத் தெரிவதில்லை. சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்தில் இருந்த கால்வாய் சாலைக்குள் வந்துவிடுகிறது. அதன் மூடி மட்டும் பழைய மூடியாகவே இருக்கிறது. திருவண்ணாமலை, ஆரணி பக்கமிருந்து காட்பாடி வழியாகச் சித்தூர் போகிற லாரி ஊருக்குள் நுழைந்து, எதிரே பேருந்து வந்தால் ஓரம் ஒதுங்குகிறது. ஒதுங்கும் இடம் கால்வாயின் தலைதான்.

உள்தெருக்களும் இப்போது தப்பவில்லை. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். வீட்டுக்கு மேல்தளம் போட வரும் ரெடிமிக்ஸ் வண்டியில் ஆறு கனமீட்டர் கான்கிரீட் என்றால் சரக்கே 14 டன்னுக்கு மேல். வண்டியோடு சேர்த்தால் 25 டன்னை நெருங்கும். போர் போடும் வண்டி, கல்லூரிப் பேருந்து, குப்பையை அழுத்தி ஏற்றும் லாரி, மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் கொண்டுவரும் டேங்கர். இதில் ஒரு வேடிக்கை: கால்வாயைத் தூர்வார நீங்கள் அனுப்பும் உறிஞ்சு லாரியும் சாதாரண எடை இல்லை. அது நின்று வேலை செய்யும் இடமும் அதே கால்வாயின் விளிம்புதான்.

சரி, கட்டமைப்பு எப்படிக் கெடுகிறது என்பதற்கு வருகிறேன்.

மூடியில் இழுவிசை வருவது அடிப்பக்கம். கம்பியும் அடிப்பக்கம்தான் இருக்கிறது. மழைநீர்க் கால்வாய் என்று பெயர் இருந்தாலும் நம் ஊர்க் கால்வாய்களில் வருடம் முழுக்க ஓடுவது சாக்கடைதான். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஈரமான கான்கிரீட்டின் அடியில் படிந்து, நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாகிறது. அதாவது எந்தப் பக்கம் வலு வேண்டுமோ அந்தப் பக்கத்தைத்தான் முதலில் தின்கிறது. மேலிருந்து பார்த்தால் மூடி புதுசு மாதிரி இருக்கும். புரட்டிப் பார்த்தால் கம்பி துருப்பிடித்து உப்பி, கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட் அப்பளமாக உதிர்ந்திருக்கும். கடுமையான சூழலுக்குக் கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 கேட்பது எம் 30 ரகக் கான்கிரீட்டும் 45 மில்லிமீட்டர் கவரும். நாலு இஞ்ச் மூடியில் 45 மில்லிமீட்டரைக் கவருக்கு விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சாலையில் வைக்கும் மூடிக்கு ஆறு இஞ்சிலிருந்து எட்டு இஞ்ச் கனம் வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

இன்னொன்று யாரும் எழுதுவதில்லை. தூர்வாரும்போது மூடியைப் புரட்டிப் போடுவார்கள். வேலை முடிந்து திரும்ப வைக்கும்போது தலைகீழாக வைத்துவிடுவார்கள். ஒற்றைக் கம்பி வலை போட்ட மூடியில் கம்பி இப்போது மேலே வந்துவிடும், அடியில் வெறும் கான்கிரீட். முதல் லாரிக்கே விரிசல் விடும். ‘தரமில்லாத மூடி’ என்று ஒப்பந்தக்காரரைத் திட்டுவோம். மூடியின் மேல்முகத்தில் ‘மேல்’ என்று வார்க்கும்போதே பதித்துவிட்டால் செலவு பூஜ்யம். தூக்கக் கொக்கியும் அந்தப் பக்கத்தில் மட்டும் வையுங்கள். யாரும் தவறாக வைக்க முடியாது. கனரக வண்டி போகும் இடத்தில் இரண்டு பக்கமும் வலை போடுவதுதான் சரி.

மூடி ஆடுவது அடுத்த வியாதி. வண்டி ஏறும்போது டொக் டொக் என்று சத்தம் வந்தால், மூடி நாலு மூலையிலும் உட்காரவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தட்டும் சுவரின் தலையில் சுத்தியல் அடி. ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் தெருவில் படுத்துக்கொண்டே எந்த மூடி எப்போது போகும் என்று சொல்லிவிடலாம். இதற்குப் பெரிய வைத்தியம் வேண்டாம். சுவரின் தலையைச் சமப்படுத்தி கான்கிரீட் பட்டை ஒன்று போட்டு, அதன் மேல் ரப்பர் பட்டையோ சுருங்காத கிரவுட் கலவையோ வைத்து மூடியை உட்காரவைக்க வேண்டும். செங்கல் துண்டும் சிமென்ட் கலவையும் திணிப்பது ஒரு மாதத்துக்கு மேல் வராது.

இனி சுவர். இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கச் சொல்கிறேன்.

பழைய கால்வாய்ச் சுவர்கள் பெரும்பாலும் செங்கல், இல்லையென்றால் கருங்கல் கட்டு. இவை பக்கவாட்டில் வரும் மண்ணின் தள்ளலைத் தாங்கக் கட்டியவை. லாரிச் சக்கரம் மூடியின் மேல் ஏறினால் சுவருக்கு நேர்சுமை. மூடியைத் தொடாமல் சுவருக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றால் அதைவிட ஆபத்து. மண் வழியாகச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். ஜல்லி இறக்க வந்த டிப்பர் பெட்டியைத் தூக்கி நிற்கும்போது எடையெல்லாம் பின் அச்சுகளுக்கு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் சுவர் உள்ளே சாயாமல் நிற்பதற்கு ஒரு காரணம், மேலே உள்ள மூடி இரண்டு சுவருக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்பதுதான். மூடிகளை வரிசையாக எடுத்துவிட்டுத் தூர்வாரும்போது அந்த முட்டும் போய்விடும். ஆள் உள்ளே இருக்கும்போது பக்கத்தில் வண்டியை நிறுத்துவது கொலைபாதகம். மூடி எடுத்தால் குறுக்கே தற்காலிக முட்டு. முட்டு இல்லாத இடத்தில் பக்கத்தில் வண்டிக்கு அனுமதி இல்லை. இதை டெண்டரிலேயே எழுதுங்கள்.

சுவருக்குப் பின்னால் உள்ள மண் இன்னொரு கதை. இணைப்புகள் வழியாகத் தண்ணீர் கசிந்து, மழை வடியும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு கால்வாய்க்குள் வந்துவிடும். வருடா வருடம் தூர்வாரும் மண்ணில் ஒரு பங்கு மலையிலிருந்து வந்தது. இன்னொரு பங்கு சாலைக்கு அடியிலிருந்தே வந்தது. மேலே தார் அப்படியே இருக்கும், கீழே பொந்து. ஒருநாள் சக்கரம் அங்கே இறங்கும்போது ‘திடீர்ப் பள்ளம்’ என்று செய்தி போடுவார்கள். அதில் திடீர் என்று ஒன்றுமே இல்லை.

சுமை மேலிருந்து வந்தாலும் சாவு கீழிருந்து வரும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2021 டிசம்பரில் திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே பொன்னை ஆற்று ரயில் பாலத்தின் தூணடியில் வெள்ளம் மண்ணை அரித்துவிட்டது. ரயில்களை நிறுத்த வேண்டிவந்தது. அந்தப் பாலத்தின் கர்டரில், அதாவது மேலே சுமக்கும் உத்திரத்தில், குறை இல்லை. அடியில்தான் குறை. நம் தெருக் கால்வாயும் அளவில் சின்னதே தவிர அதே கணக்குதான்.

ஆகவே வலுப்படுத்துவதற்கு முன்னால் பாருங்கள். பெரிய கருவி இல்லாமலே நிறையப் பார்க்கலாம். சுத்தியலால் தட்டினால் உள்ளே கழன்ற கான்கிரீட் வெற்றுப் பானை மாதிரிச் சத்தம் கொடுக்கும். நூல் பிடித்தால் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியும். நூறு மீட்டருக்கு ஓர் இடத்தில் சுவருக்குப் பின்னால் தோண்டிப் பார்த்தால் அடித்தளத்தின் ஆழமும் மண்ணின் நிலையும் தெரிந்துவிடும். முக்கியமான சாலைகளில் தரைக்குள் பார்க்கும் ரேடாரையும் ஓட்டுங்கள், பொந்து இருந்தால் காட்டும். சந்தேகமான சிறுபாலத்தை இடிப்பதா விடுவதா என்று சண்டை போடுவதற்குப் பதில், எடைமேடையில் நிறுத்திய லாரிகளைக் கொண்டுவந்து சுமைச் சோதனை செய்துவிடலாம். 24 மணி நேரம் சுமை நின்று, எடுத்த பிறகு தொய்வில் குறைந்தது 75 சதவீதம் மீண்டால் தேறியது என்கிறது ஐ.எஸ். 456.

பார்த்த பிறகு என்ன செய்வது? நான் பார்த்தவரை மூன்று நான்கு யோசனைகள் எப்போதும் மேசைக்கு வரும். அவற்றில் நம் ஊருக்கு எது ஆகும், எது ஆகாது என்று என் கருத்தைச் சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பழைய பலகையின் மேலேயே நாலு இஞ்ச் கான்கிரீட் ஏற்றுவது எல்லோருக்கும் பிடித்த வழி. பழைய முகத்தைக் கொத்திவிட்டு, துளை போட்டு எபாக்சிப் பசையில் கம்பி நட்டு, இரண்டையும் ஒன்றாக வேலை செய்யவைக்கலாம். ஆனால் மேலே கனம் கூட்டினால் இழுவிசையைத் தாங்குவது இன்னும் அடியிலுள்ள அந்தப் பழைய கம்பிதான். அது துருப்பிடித்திருந்தால் எவ்வளவு ஏற்றியும் பயனில்லை, கூடுதல் எடைதான் மிச்சம். அடிப்பக்கத்தைப் பார்க்காமல் இந்த வேலைக்கு மதிப்பீடு போடாதீர்கள்.

அடியில் இரும்பு பீம் குறுக்கே கொடுத்து முட்டு வைப்பது இரண்டாவது. வேலூரில் இது வேண்டாம். பிளாஸ்டிக் பையும் துணியும் தேங்காய் மட்டையும் முதலில் மாட்டுவது அந்த பீமில்தான். சுவருக்கு உள்பக்கம் கான்கிரீட் போர்வை போடுவதும் அப்படியே. 600 மில்லிமீட்டர் அகலக் கால்வாயில் இரண்டு பக்கமும் நூறு நூறு போட்டால் 400தான் மிஞ்சும். தண்ணீர் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் மழை பெய்தால் தண்ணீர் நிதானமாக வராது, பாறையில் விழுந்து அப்படியே இறங்கும். நிக்கல்சன் கால்வாய் பொங்கினால் கன்சால்பேட்டைக்காரர்கள் படும் பாட்டை நாம் அறிவோம். 2021 நவம்பர் மழையில் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. லாரிக்காகக் கால்வாயைக் குறுக்கினால் அடுத்த வெள்ளத்துக்கு நாமே பத்திரிகை அடித்த மாதிரி. கார்பன் நார் ஒட்டுவது நல்ல தொழில்நுட்பம்தான், ஆனால் ஈரமும் சாக்கடை வாயுவும் உள்ள அடிமுகத்தில் ஒழுங்காக ஒட்டுவதற்குப் படும் பாடு பெரிய பாலத்துக்குத் தகும், தெருக் கால்வாய்க்குத் தகாது.

எனக்குப் பிடித்தது சுமையைக் கால்வாய்க்குக் கொடுக்காமலே தாண்டவைப்பது. சைட்டில் ரிலீவிங் ஸ்லாப் என்று சொல்வார்கள். கால்வாயைவிட இரண்டு பக்கமும் போதுமான அகலம் கூட்டி ஒரு பலகை போடுகிறோம். அது பழைய சுவரின் மேல் உட்காராது. சுவருக்கு அப்பால், நன்றாக இறுக்கிய கிராவல் தரையின் மேல் உட்காரும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே அமுங்கக்கூடிய ஷீட் ஒன்று வைத்தால் சக்கரத்தின் எடை சுவருக்கு வராது. பழைய கருங்கல் கட்டு தன் வேலையான தண்ணீர் கொண்டுபோவதை மட்டும் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் போகும் வழி ஓர் அங்குலமும் குறையாது. மலையடிவாரப் பக்கம் கிராவல் தரை இதற்கு நல்லது. பாலாற்றுப் பக்கத்து மணலிலும், ஏரியாக இருந்த களிமண் இடங்களிலும் தனியாகக் கணக்குப் போட வேண்டும். அங்கே பலகையின் ஓரத்துக்குச் சின்ன அடித்தளமே தேவைப்படலாம். சுவர் ஏற்கெனவே சாய்ந்துவிட்ட இடத்தில் இந்த வித்தையும் உதவாது. அங்கே இடித்துவிட்டு, அடி, சுவர், மேல் எல்லாம் ஒன்றாக வார்த்த ரெடிமேட் பெட்டிக் கால்வாயை இறக்குங்கள்.

எதைப் போட்டாலும் திறந்து தூர்வார இடம் விடுங்கள். முழுக்க மூடிய கால்வாய் எவ்வளவு வலுவாக இருந்தும் அடைத்துக்கொண்டால் குப்பைத்தொட்டிதான். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. இயந்திரக் குழாய் நுழையவாவது வாய் வேண்டாமா? அந்த வாய்களுக்கு வைக்கும் மூடி எந்த ரகம் என்பதையும் கவனியுங்கள். மேன்ஹோல் மூடிகளுக்கான ஐ.எஸ். 12592-இல் 2.5, 10, 20, 35 என்று நான்கு வகை உண்டு. அந்த எண்கள் சோதனைச் சுமையின் டன் அளவு. லாரி நின்று சரக்கு இறக்கும் கடைவீதிகளிலும் கிடங்குகள் உள்ள தெருக்களிலும் 35-ஐத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். 10 டன் மூடியை சந்துக்கு வாங்கி, கையிருப்பு இருக்கிறதே என்று மெயின் ரோட்டில் வைக்கும் பழக்கம் நிற்க வேண்டும்.

சாலை போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டால் மேன்ஹோல் சட்டமும் மழைநீர்ச் சல்லடையும் பள்ளத்தில் போய்விடுகின்றன. இரண்டு இஞ்ச் பள்ளத்தில் விழும் பேருந்துச் சக்கரம் நிற்கும் சக்கரத்தைவிட எவ்வளவோ மோசமாக அடிக்கும். சட்டத்தைத் தூக்கி, சுற்றிலும் கான்கிரீட் வளையம் போட்டு, சாலை மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே தார் போடுங்கள். சல்லடைக் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்கட்டும். நீளவாக்கில் வைத்தால் சைக்கிள் சக்கரம் மாட்டும்.

குழாய்ச் சிறுபாலங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் குழாய்களில் என்.பி.2 ரகம் கனரகச் சாலைக்கானது அல்ல, அதைவிட வலுவான என்.பி.4தான் அதற்கு. குழாயின் தலைக்கு மேல் 600 மில்லிமீட்டர் மண் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் படித்தது. 300 மட்டும் இருந்தால் சக்கரத்தின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகக் குழாயின் மேல் இறங்கும். மண்ணைக் கூட்டினால் சாலை உயர்ந்து வீட்டுக்குள் தண்ணீர் வரும். எனவே அப்படிப்பட்ட இடங்களில் குழாயின் மேலும் ரிலீவிங் ஸ்லாப்தான், இல்லையென்றால் குழாயை மாற்றுவதுதான்.

எல்லாவற்றையும்விட மலிவான வலுப்படுத்தல் ஒன்று இருக்கிறது: சக்கரத்தை ஏறவிடாமல் தடுப்பது. சின்னச் சந்துகளில் கால்வாய் ஓரமாகக் கல் நட்டால் போதும், டிப்பர் ஒதுங்காது. திருப்பங்களில் கான்கிரீட் ஓரக்கல் (கெர்ப்) கொஞ்சம் உயரமாக. எந்தத் தெருவுக்குள் எத்தனை டன் வரை வரலாம் என்று முனையில் ஒரு பலகை. வேலூர் முழுக்க 70 ஆர் கால்வாய் கட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. லாரி, பேருந்து போகும் சாலைகளையும், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் போயே ஆக வேண்டிய வழிகளையும் முதலில் எடுங்கள்.

காலம் பற்றி. பொங்கல் முடிந்ததிலிருந்து ஜூன் வரைதான் நமக்குக் கிடைக்கும் நேரம். ஆகஸ்டிலேயே இடிமழை தொடங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தில்தான் வேலூர் வெயிலும் 40 டிகிரியைத் தாண்டும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வார்த்த கான்கிரீட் சாயங்காலமே முடியளவு விரிசல் காட்டும். வறண்ட வெயிலில் பத்து நாளுக்குக் குறையாமல் தண்ணீர் காட்டச் சொல்கிறது விதி. போக்குவரத்துள்ள சாலையை அத்தனை நாள் மூட முடியாது என்பது நியாயம்தான். அதனால் மூடிகளையும் பலகைகளையும் முன்கூட்டியே யார்டில் வார்த்து, தொட்டியில் ஊறவைத்து, 28 நாள் வலு வந்த பிறகு இரவில் கொண்டுவந்து பொருத்துங்கள். அன்று காலை வார்த்ததை மறுநாள் லாரிக்குத் திறந்துவிடும் அவசரத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கவில்லை. கால்வாய்ச் சுவரைக் கொத்தி வீட்டுக்கு ராம்ப் போடுகிறோம், கடைக்கு முன்னால் டைல்ஸ் ஒட்டி மூடியைத் திறக்கமுடியாமல் செய்கிறோம், கழிவுநீர்க் குழாயைச் சுவரில் துளைபோட்டு நுழைக்கிறோம். அந்தத் துளையிலிருந்துதான் மண் அரிக்கத் தொடங்குகிறது.

கடைசியாக நான் கேட்பது ஒரு பதிவேடு. ஒவ்வொரு சிறுபாலத்துக்கும், ஒவ்வொரு நீளக் கால்வாய்க்கும் ஓர் எண். கட்டிய வருடம், சுவர் எதனால் ஆனது, மூடியின் கனம், கடைசியாக அடிப்பக்கத்தை யார் எப்போது பார்த்தார்கள், எத்தனை டன் அச்சு வரை தாங்கும். சாலைத்துறை, வடிகால், பாதாளச் சாக்கடை மூவரும் ஒரே பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் பட்டியலில் கனரக வண்டி போகும் சாலைகள் மட்டும் இருந்தால்கூடப் போதும். அதை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு வார்டிலும் ஒட்டுங்கள். எங்கள் தெரு எந்த எண் என்று தெரிந்தால், வேலை தொடங்குவதற்குள் ராம்புகளை எடுக்கச் சொல்லி நாங்களே கடை கடையாகப் பேசி முடிக்கிறோம்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரைவாளர்